உறைக்குள் இருக்கும் துரு

பழைய கெரிஸ் ஒன்று கைக்கு வந்தால் முதல் தொல்லை, அது உறையை விட்டு வெளியே வராது என்பதுதான். ஜாவாவில் வடித்த அந்தக் குத்துவாள் இரண்டு மூன்று தலைமுறையாகப் பெட்டிக்குள் கிடந்திருக்கும். பூசிய எண்ணெய் பிசினாகி, துரு பொங்கி, அலகும் மரமும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் பொறுமை இழந்து பிடியைப் பற்றி ஒரு முறுக்கு முறுக்கினால் வேலை தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பிடிக்குள் செருகியிருக்கும் இரும்புக் காம்பு பென்சில் பருமன்தான். ஜாவாக்காரர்கள் அதைப் பெசி என்கிறார்கள். துருவில் பாதி கரைந்துபோன பெசி முறுக்குக்குத் தாங்காது.

சரியான முறை வேறு. இடது கையால் உறையின் தலைப்பகுதியைப் பற்றிக்கொண்டு, அதே கையின் கட்டைவிரலால் பிடியின் அடியை மெல்ல மேலே நெம்ப வேண்டும். அரை நெல் அளவு அசைந்தால் போதும். அசையவே இல்லையென்றால் உறையின் வாயில் மெல்லிய தையல் மெஷின் எண்ணெயைச் சில சொட்டு விட்டு, இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும். அவசரப்பட்டவர்கள் உடைத்த உறைகள்தான் பழம்பொருள் கடைகளில் அதிகம்.

கெரிஸைச் சுத்தம் செய்வது என்று பேச்செடுத்தால் எல்லோரும் அலகைப் பற்றியே பேசுவார்கள். துருவை எப்படி எடுப்பது, இரும்பில் ஓடும் வரிகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது, எந்த எண்ணெய் நல்லது என்பவை அந்தப் பேச்சின் தலைப்புகள். அலகில் தெரிவது அறிகுறி மட்டும்தான் என்பது என் கருத்து. நோய் பெரும்பாலும் உறைக்குள் இருக்கிறது. உறையைச் சீர்செய்யாமல் அலகை மட்டும் வெளுத்துத் திரும்பச் செருகினால் ஓராண்டுக்குள் பழைய துரு பழைய இடத்திலேயே வந்து உட்காரும். அப்போது மறுபடி கழுவ வேண்டும். கழுவுதல் ஒவ்வொன்றும் அலகிலிருந்து கொஞ்சம் இரும்பை எடுத்துக்கொண்டுதான் போகும்.

இந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் கெரிஸ் எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும். ஜாவாக் கெரிஸின் அலகு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நேராகவும் இருக்கலாம், பாம்புபோல் நெளிந்தும் இருக்கலாம். நெளிவுக்கு லுக் என்று பெயர். லுக்குகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான். அலகின் அடி ஒரு பக்கம் மட்டும் அகன்றிருக்கும். அந்த அகன்ற அடியின் கீழ் கொஞ்ஜோ என்ற குறுக்குத் துண்டைத் தனியாகச் செய்து பொருத்துவார்கள். எம்பு எனப்படும் கொல்லர் சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார். நடுவில் வெட்டும் திறனுக்காக ஓர் எஃகுத் தகடு இருக்கும். இரு வகை இரும்பும் கலந்து மேற்பரப்பில் தோன்றும் வரிதான் பமோர். கலத்தல் என்ற பொருளுடைய ஜாவாச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சிதறிய அரிசியைப்போல் தெரிந்தால் ஒரு பெயர், தங்கமழைத் துளிகளைப்போல் வட்டவட்டமாக இருந்தால் இன்னொரு பெயர், தென்னங்கீற்றைப்போல் இருந்தால் மற்றொன்று என்று பமோருக்குப் பெயர்கள் நீள்கின்றன.

நிக்கல் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து என்பது புகழ்பெற்ற பதில். பிரம்பனான் கோயில்களுக்கு அருகே விழுந்த விண்கல் ஒன்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது. அதன் துண்டுகளை எம்புகள் பயன்படுத்தினார்கள். எஞ்சிய கல் இன்றும் அரண்மனையில் மரியாதைப் பெயரோடு இருக்கிறது. ஆனால் எல்லாக் கெரிஸிலும் விண்கல் இருப்பதாகச் சொல்வது வியாபாரிகளின் பேச்சு. சுலவேசியின் லுவு பகுதியில் இயற்கையாகவே நிக்கல் கலந்த இரும்பு கிடைத்தது. அது நெடுங்காலம் ஜாவாவுக்கு விலைக்கு வந்துகொண்டிருந்தது. இன்று பெரிய நிக்கல் சுரங்கம் இயங்கும் சொரோவாகோ அதே வட்டாரம்தான். 20ஆம் நூற்றாண்டுக் கெரிஸ்களில் ஐரோப்பாவில் உருக்கிய தூய நிக்கலே உண்டு.

கெரிஸுக்கு ஜாவா இலக்கிய வழக்கில் சூரிகா என்றொரு பெயரும் இருக்கிறது. சமஸ்கிருதச் சொல்லிலிருந்து போனது. நம் நிகண்டுகளில் உடைவாளுக்குச் சொல்லும் சுரிகையும் அதே வேரில் வந்ததுதான். அலகு உறைக்குள் போவதையும் உறை அலகுக்குள் போவதையும் சேர்த்துச் சொல்லும் பழமொழி ஒன்று ஜாவாவில் உண்டு. ஆன்மாவும் இறைவனும் ஒன்றுவதைக் குறிக்க ஞானிகள் அதைப் பயன்படுத்தினார்கள். பழுதுபார்ப்பவர் அதை வெறும் நடைமுறை அறிவுரையாக எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

உறைக்கு வருவோம். ஜாவா உறையின் பெயர் வரங்கா. அதைச் செய்பவர் ம்ரங்கி. கொல்லரின் வேலை வேறு, இவர் வேலை வேறு. பிடியைச் செதுக்குபவரும் உலோகக் கூட்டைச் செய்பவரும் தனித்தனி ஆட்கள். உறையின் தலை அகலமான மரக்கட்டை. படகு வடிவில் இரு முனையும் நீண்டு வளைந்திருந்தால் அது லாட்ராங், விழாவுக்கும் அரசவைக்கும் உரியது. உருண்டை வடிவில் அடக்கமாக இருந்தால் கயமான், அன்றாடத்துக்கு. யோக்யகர்த்தாவின் விழா உறை சூரகர்த்தாவினுடையதைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். தலைக்குக் கீழே நீளும் குழல் பகுதி காண்டார். பெரும்பாலும் அதன்மேல் பித்தளை, வெள்ளி அல்லது தங்கமும் செம்பும் கலந்த சுவாசா உலோகத்தில் பெண்டோக் என்ற கூட்டைப் போர்த்தியிருப்பார்கள். வெளியே தெரியாது என்பதால் காண்டாருக்கு மலிவான மரத்தைப் போட்டுவிடுவது வழக்கம். இந்த மலிவுதான் பின்னாளில் வினையாகிறது.

நல்ல உறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. செருகிய அலகு உறையின் வாயில் கொஞ்ஜோவின் பிடிமானத்தால் மட்டும் நிற்க வேண்டும். அதற்குக் கீழே கூரும் விளிம்பும் மரத்தில் உரசாமல் உள்ளே தொங்க வேண்டும். அப்படிச் செய்த உறையிலிருந்து அலகை உருவும்போது ஓசையே வராது. பழைய கெரிஸ் பலவற்றில் இது அப்படி இல்லை. உறை பழுதானபோது யாரோ வேறோர் உறையை மாட்டியிருப்பார்கள். மரம் சுருங்கியிருக்கும். ஒரு நெளிவின் வளைவு உள்சுவரில் படும். பட்ட இடத்தில் ஈரம் தங்கும், எண்ணெய் வழித்தெடுக்கப்படும், துரு அங்கேதான் முதலில் பூக்கும்.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். அலகை உருவி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துரு அலகு முழுவதும் ஒரே சீராக இருந்தால் காரணம் காற்றின் ஈரமும் கவனிப்பின்மையும். ஒரு பக்கம் மட்டும், அதிலும் இரண்டு மூன்று திட்டுகளாக இருந்தால் உறைக்குள் அதே உயரத்தில் மெல்லிய டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். கருத்துப் பளபளக்கும் ஒரு தேய்ந்த தடம் தெரியும். அலகின் திட்டும் மரத்தின் தடமும் அச்சும் அச்சுப்பதிவும்போல் ஒத்திருக்கும்.

மரமும் சும்மா இருப்பதில்லை. எல்லா மரமும் சிறிதளவு அமில ஆவியை விடும். மூடிய குழலுக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. இதோடு ஆண்டுக்கணக்கில் ஊறிய எண்ணெய் சேர்கிறது. தேங்காய் எண்ணெய் காறிப்போய் அமிலத்தன்மை கொள்ளும். உலரும் தன்மையுள்ள எண்ணெய்களோ மரவஜ்ஜிரம்போல் இறுகும். கெரிஸுக்கு எண்ணெய் பூசுவதே அதைக் காக்கத்தான், ஆனால் அளவுக்கு மீறிய எண்ணெய் உறைக்குள் வழிந்து தூசியோடு சேர்ந்து ஒரு கருஞ்சேறாகிறது. பக்தி மிகுந்த வீடுகளில் இந்தச் சேறு அதிகம்.

இந்தச் சேற்றைச் சுரண்டும்போது ஓர் எச்சரிக்கை. அதில் நஞ்சு இருக்கலாம். ஏன் என்பதற்கு அலகைக் கழுவும் முறையைச் சொல்ல வேண்டும்.

ஜாவாவில் ஆண்டின் முதல் மாதம் சூரோ. 1633இல் சுல்தான் அகுங் சக ஆண்டுக்கணக்கையும் இஸ்லாமியச் சந்திர மாதங்களையும் இணைத்து அமைத்த நாட்காட்டியில் முஹர்ரம் மாதத்தின் பெயர் அது. குலச்சொத்தான ஆயுதங்களைக் கழுவும் மாதமும் அதுவே. அந்தச் சடங்குக்கு ஜமாசான் என்று பெயர். யோக்யகர்த்தா அரண்மனையில் சூரோவில் வரும் குறிப்பிட்ட செவ்வாய் அல்லது வெள்ளியில் நடக்கும். அரண்மனைகளில் மட்டும் அல்ல, கெரிஸ் உள்ள எளிய குடும்பங்களும் இந்த மாதத்தில்தான் அதை வேலை தெரிந்தவரிடம் எடுத்துப்போகின்றன. யுனெஸ்கோ 2005இல் இந்தோனேசியக் கெரிஸை மானுடத்தின் வாய்மொழி, அருவ மரபுச் செல்வம் என்று அறிவித்தபோது கணக்கில் கொண்டது கத்தியை மட்டும் அல்ல, அதைச் சுற்றியுள்ள இந்த நடைமுறைகளையும்தான்.

சடங்கின் பூவையும் புகையையும் நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது மிகத் தெளிவான ரசாயனம். முதல் கட்டம் வெளுத்தல். பிடியைக் கழற்றிய அலகைத் தேங்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள். புளித்துவரும் தேங்காய்த் தண்ணீரின் மெல்லிய அமிலம் துருவை இளக்கும், நல்ல இரும்பை அவ்வளவாகத் தீண்டாது. சிலர் நோனிப் பழத்தை நசுக்கிப் பூசுவார்கள், சிலர் அன்னாசிச் சாறு சேர்ப்பார்கள். பிறகு எலுமிச்சைச் சாறு. நாம் ஊறுகாய் போடும் அதே சிறு எலுமிச்சைதான். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போக லெராக் என்ற காய் உதவுகிறது. அது நம் பூந்திக்கொட்டையின் நெருங்கிய உறவு. மென்மையான பிரஷ், கூராக்கிய மூங்கில் குச்சி இவை போதும். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. கழிப்பறை ஆசிட் கூடவே கூடாது. ஒவ்வொரு நாளும் எடுத்துக் கழுவிப் பார்த்து, தேவையென்றால் மறுபடி ஊறப்போட வேண்டும். அடம்பிடிக்கும் துருவுக்கு ஒரு வாரமும் ஆகும், மேலும் ஆகும். எல்லாத் துருவும் போனபின் அலகு வெள்ளிபோல் வெளுத்து நிற்கும். அப்போது பமோர் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாது. புதிதாக வாங்கியவர் இதைக் கண்டு வரியையே அழித்துவிட்டோம் என்று பதறுவது சகஜம்.

இரண்டாம் கட்டம் வரங்ஙான். வரி திரும்பி வருவது இதில்தான். வரங்ஙான் என்பது ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சித்த மருத்துவத்தில் மஞ்சளாக இருப்பதை அரிதாரம், தாளகம் என்றும் சிவப்பாக இருப்பதை மனோசிலை என்றும் அறிவோமே, அவையேதான். நம் கூத்துக் கலைஞர்கள் முகத்தில் பூசிய அரிதாரமும் ஜாவாக் கொல்லர் இரும்பில் பூசியதும் ஒரே சரக்கு. அதைத் தூளாக்கி வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து நாள்பட வைத்திருப்பார்கள். பழகிய கரைசலுக்கு மதிப்பு அதிகம். நல்ல வெயிலுள்ள, ஈரம் குறைந்த நாளில் இதை அலகின்மேல் தொட்டுத் தொட்டு விரலால் நீவுவார்கள். அல்லது அலகு படுக்கும் அளவுள்ள ஒடுங்கிய தொட்டியில் ஊற்றி முக்கி எடுப்பார்கள். சாற்றின் அமிலம் இரும்பை லேசாக அரிக்க, கரைந்திருக்கும் ஆர்செனிக் அங்கே படிந்து அதைக் கருஞ்சாம்பலாக்கும். நிக்கல் இழைகளை அமிலம் எளிதில் தொடுவதில்லை. அவை வெள்ளையாகவே நிற்கும். இருட்டில் கோலம் போட்டதுபோல் பமோர் எழும்பும். நிறம் போதும் என்று தோன்றும் கணத்தில் நிறுத்தத் தெரிவதுதான் கைத்திறன். ஒரு சுற்று அதிகம் போனால் நிக்கலும் மங்கிவிடும்.

கெரிஸ் நஞ்சு தோய்ந்த கத்தி என்று ஐரோப்பியர் நெடுங்காலம் எழுதிவந்ததற்கு இந்த வேலையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பூசுவது நஞ்சுதான். ஆனால் நோக்கம் ஆளைக் கொல்வது அல்ல, வரியைக் காட்டுவது. கையாள்பவருக்கோ ஆபத்து உண்மையானது. கையுறை இல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, சமையலறையில் இதைச் செய்யக்கூடாது. இரும்பும் அமிலமும் ஆர்செனிக்கும் சேரும் இடத்தில் ஆர்சின் என்ற கொடிய வாயு உண்டாகும் வாய்ப்பு உண்டு. கழுவிய நீரைச் சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றுவதும் தவறு. நான் சொன்ன எச்சரிக்கையும் இங்கேதான் வருகிறது. தலைமுறை தலைமுறையாக வரங்ஙான் பூசிய அலகுகள் போய் வந்த உறை அது. உள்ளே படிந்த தூளில் ஆர்செனிக் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த உறைக்குள் உப்புத்தாளைச் சுருட்டிவிட்டுத் தேய்த்து வாயால் ஊதுகிறார்களே, அது அலகு வேலையைவிட ஆபத்தானது. முகக்கவசம் அணிந்து, சற்றே ஈரமான துணியைக் குச்சியில் சுற்றித் துடைத்தெடுப்பதுதான் வழி.

ஆண்டுதோறும் இத்தனையும் செய்ய வேண்டுமா? பழைய கெரிஸின்மேல் விரல் நுனியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பமோர் வரிகள் வரப்புபோல் மேடாகத் தட்டுப்படும். செய்தபோது அவை அப்படி இல்லை, மழமழவென்று ஒரே மட்டமாக இருந்தன. இடையிலிருந்த இரும்பைக் கழுவுதல்கள் தின்றுவிட, தின்னப்படாத நிக்கல் மேடாக மிஞ்சியிருக்கிறது. அலகின் அடியில் கொல்லர் அறுத்துவைத்த சிறு பற்கள் மழுங்கி மொட்டையாகியிருக்கும். யானைத் துதிக்கை என்று சொல்லப்படும் சுருள் உதிர்ந்திருக்கும். விளிம்பு எலி கடித்ததுபோல் இருக்கும். பல நூற்றாண்டு வயதுள்ள அலகுகள் பலவும் பிறந்தபோது இருந்ததைவிட ஒல்லியாக நம்மிடம் வந்து சேர்ந்தவை. தேய்ந்ததற்குப் போர்களும் காரணமாகலாம்தான். ஆனால் பெரும்பங்கு பக்தியினுடையது.

ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் வழி இதற்கு நேர் எதிர். கைவைக்காதே, துரு வளராமல் பார்த்துக்கொள், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்து, பின்னர் நீக்க முடியாத எதையும் பூசாதே என்பது அவர்கள் நெறி. அங்கே உள்ள கெரிஸ்கள் தேயவில்லை. ஆனால் பல அலகுகளில் பமோரே தெரியாது. பழுப்பேறிய இரும்புத்துண்டாகக் கண்ணாடிக்குள் கிடக்கின்றன. வரி தெரியாத கெரிஸை ஜாவாக்காரர் கெரிஸ் என்று ஒப்புவாரா என்பது சந்தேகம்தான். கொல்லர் அந்த அலகைச் செய்தபோதே கடைசியில் வரங்ஙான் பூசித்தான் கொடுத்தார். அது பின்னால் ஏறிய அழுக்கு அல்ல, செய்முறையின் கடைசிப் படி.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனாலும் நடுவில் நின்று நழுவ எனக்கு விருப்பம் இல்லை. வரி தெரிகிறது, செந்துரு இல்லை, கருமையான கெட்டிப் படலம் மட்டும் இருக்கிறது என்றால் அந்த அலகைக் கழுவ வேண்டியதே இல்லை. பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாக மெல்லிய பூச்சு கொடுத்தால் ஜமாசான் ஆயிற்று. விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறத் துரு இருந்தால் அது வளரும் துரு, விட்டுவைக்கக்கூடாது. அப்போதும் உறையைச் சீர்செய்த பிறகுதான் அலகில் கைவைக்க வேண்டும். முழு வெளுப்பும் வரங்ஙானும் ஒரு தலைமுறைக்கு ஒரு முறை போதும். மேலை நாட்டுச் சேகரிப்பாளர் சிலர் ஆர்செனிக்குக்குப் பயந்து ஃபெரிக் குளோரைடு பூசுகிறார்கள். அது வேகமாகக் கடிக்கும், நிறமும் வேறு மாதிரி வரும். அதைவிட வரியில்லாமல் விட்டுவிடலாம் என்பேன்.

இன்னொன்று. கழுவும் முன் பொருள் உண்மையிலேயே பழையதுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மதுரா தீவின் சுமெனெப் வட்டாரத்தில் ஆயெங் தோங்-தோங் போன்ற கொல்லர் ஊர்களில் இன்றும் ஏராளமான கெரிஸ்கள் உருவாகின்றன. அது நேர்மையான தொழில். ஆனால் புது அலகை அமிலத்தில் அரிக்கவிட்டு பழைய மஜாபாஹித் பேரரசின் காலத்தது என்று விற்பவர்களும் சந்தையில் உண்டு. அமிலத்தில் அரித்த அலகில் பள்ளங்கள் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருக்கும். காலம் அரித்ததில் அப்படி இராது.

மர வேலைக்கு இப்போது திரும்பலாம். சேறு நீக்கிய உறையை நிழலில் உலரவிட்டு, எங்கெங்கே அலகு படுகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். படும் இடத்தில் மரத்தை அளவாக எடுக்க வேண்டும். நீளமான குச்சியின் முனையில் உப்புத்தாள் ஒட்டி, நனைத்து, நாலைந்து இழுப்பு. அலகைச் செருகிப் பார்த்து மறுபடியும் நாலைந்து. வாயை மட்டும் தொடக்கூடாது. வாய் தளர்ந்தால் கொஞ்ஜோவுக்குப் பிடிமானம் போய் அலகு உள்ளே ஆடும். ஏற்கெனவே தளர்ந்த வாய்க்கு அதே மரத்தின் மெல்லிய சீவலை ஒட்டுவார்கள்.

பெரும்பாலான உறைகள் தலையும் குழலும் சேரும் இடத்தில்தான் விட்டுப்போகும். ஒட்டுவதற்கு நம் தச்சர்கள் சொல்லும் வச்சிரம், அதாவது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசையே நல்லது. நாளைக்கு வேறொருவர் வெந்நீர்த் துணி வைத்து அதைக் கழற்றிக்கொள்ள முடியும். எபாக்ஸியும் நொடியில் ஒட்டும் பசையும் அப்படிக் கழலா. அடுத்த முறை உடையும்போது ஒட்டிய இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மரம் பிளக்கும்.

வெளிப்பூச்சில் மரத்தின் குணம் தெரிந்திருக்க வேண்டும். ஜாவாவில் மிக உயர்வாகப் போற்றப்படும் உறை மரம் திமோஹோ. வெளிறிய மரத்தின்மேல் மை கொட்டியதுபோல் கரும்பழுப்புத் திட்டுகள் இருக்கும். திட்டு விழும் விதத்துக்கு ஏற்பப் பெயரும் விலையும் மாறும். இந்தத் திட்டுகளைச் சாயத்தால் போலியாக வரைவதும் உண்டு. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் உறையின் உள்பக்க விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒற்றிப் பார்க்காமல் முழுவதையும் துடைத்தால், உயர்ந்த திட்டெல்லாம் பஞ்சோடு வந்துவிடும். அப்போதுதான் போலி என்று தெரியும். சந்தன மரத்தில் செய்த உறைகளும் உண்டு. அவற்றின்மேல் எந்த வார்னிஷும் அடிக்காமல் மணத்தோடு விடுவதே மரியாதை. ட்ரெம்பலோ என்ற மரத்தில் பட்டுத்துணியில் தெரிவதுபோல் ஒளி ஆடும். தடித்த பூச்சு அந்த ஆட்டத்தைக் கொன்றுவிடும். தேக்கும் கறிவேப்பிலையின் உறவான கெமுனிங்கும்கூட உறையாகியிருக்கின்றன. சூரகர்த்தா அரண்மனை வழக்கில் பூவும் மலையுமாக ஓவியம் தீட்டிய உறைகள் தனி வகை. அவற்றில் ஈரத்துணியே படக்கூடாது. தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பொதுவாகப் பழைய உறைகளின் மினுக்கம் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியதால் வந்தது. நம் ஊரில் பிரெஞ்சு பாலிஷ் என்கிறோம். மங்கிய இடத்தில் அதையே மிக மெல்லியதாக ஓரிரு கை கொடுத்தால் பழையதும் புதியதும் கலந்துகொள்ளும். மொத்தப் பூச்சையும் சுரண்டி பாலியூரித்தேன் அடித்துக் கண்ணாடிபோல் பளபளக்க விட்ட உறைகளைப் பார்த்தால் ஓட்டல் வரவேற்பறை மேஜைதான் நினைவுக்கு வருகிறது. கைபட்டுக் கைபட்டு மரம் அடைந்த நிறம் ஒரு முறை போனால் திரும்பாது. பெண்டோக்குக்கு நீண்ட அறிவுரை தேவையில்லை. புளி போட்டுத் தேய்க்கும் கையை அடக்கிக்கொண்டால் போதும். பல கூடுகளில் தங்கமுலாம் காகிதத்தைவிட மெல்லியது.

எல்லாம் முடிந்து அலகுக்கு எண்ணெய். ஜாவாவில் சந்தனத்தைலமும் மல்லிகை, கெனாங்கா பூக்களின் தைலமும் கலந்து தடவுகிறார்கள். காறாத கனிம எண்ணெயில் சில சொட்டு சந்தனத்தைலம் கலந்தால் மணமும் கிடைக்கும், காவலும் கிடைக்கும். தடவியபின் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். துணியில் கறை படாத அளவுக்குத் துடைத்தபின் எஞ்சும் படலமே போதுமானது. அதற்குமேல் உள்ளதெல்லாம் உறைக்குப் போய்ச் சேறாகும்.

பழுதுபார்ப்பவர் கடைசியாக எடுக்க வேண்டிய கருவி பேனா. இதற்குத் திப்போநெகோரோவின் கெரிஸைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. டச்சு ஆட்சியை எதிர்த்து 1825 முதல் 1830 வரை போரிட்ட ஜாவா இளவரசர் அவர். 1830 மார்ச் 28 அன்று மகெலாங்கில் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது கைதானார். அவருடைய கெரிஸ் ஒன்று 1831இல் நெதர்லாந்து அரசர் முதலாம் வில்லியமிடம் சேர்ந்து, ஹேக் நகரில் அரசரின் அரும்பொருள் கூடத்தில் வைக்கப்பட்டது. 1883இல் அந்தக் கூடம் கலைக்கப்பட்டுப் பொருள்கள் இடம் மாறியபோது, கெரிஸ் லைடன் அருங்காட்சியகத்துக்குப் போனது. யாருடையது என்ற விவரம் கூடப் போகவில்லை. பொருள் தொலையவே இல்லை, நூற்றுக்கணக்கான கெரிஸ்களுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. அதன் பெயர்தான் தொலைந்திருந்தது. பழைய ஆவணங்களைத் தேடி, ஜாவா ஓவியர் ராடென் சாலே எழுதிவைத்த ஒரு குறிப்பையும் துணைகொண்டு ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள். கெரிஸ் 2020 மார்ச்சில் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது. கியாய் நாகா சிலுமான் என்பது அதன் பெயர். வடிவத்தைப் பார்த்தால் வேறு வகை நாகம்போல் இருக்கிறதே என்று அங்குள்ள கெரிஸ் அறிஞர்கள் சிலர் ஐயப்பட்டார்கள். ஒரு கெரிஸின் பெயர் அதன் வடிவத்தின் பெயராகவே இருக்க வேண்டியதில்லை என்று மற்றவர்கள் பதில் சொன்னார்கள். இருநூறு ஆண்டுக்கு முன் உறையோடு ஒரு துண்டுச்சீட்டு கட்டியிருந்தால் இந்த வாதம் நடந்திருக்காது.

ஆகவே வீட்டில் ஒரு கெரிஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாரிடமிருந்து வந்தது, எந்த ஆண்டு எதைக்கொண்டு கழுவினீர்கள், உறையில் எந்தப் பசையைப் பயன்படுத்தினீர்கள், எந்தத் துண்டு புதிது என்பதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். உறை எவ்வளவு சிதைந்திருந்தாலும் தூக்கி எறியாதீர்கள். புதியது செய்து மாட்டினாலும் பழையதை ஒரு துணியில் சுற்றி அதே பெட்டியில் போட்டுவையுங்கள்.